அசதிக்குப் பின்னால் ஒரு சுரப்பி

தொண்டைக்குக் கீழே உருண்டையாக வீங்கி, உடம்பில் முடி சரியாக முளைக்காமல், எழுந்து நின்று பால் குடிக்கத் தெம்பில்லாமல் பிறக்கும் குட்டியை ஆடு வளர்க்கும் வீடுகளில் சிலராவது பார்த்திருப்பார்கள். கால்நடை மருத்துவர் வந்து, தாய் ஆட்டுக்கு அயோடின் போதவில்லை என்பார். அடுத்த சினைக்குத் தாது உப்புக் கலவை வாங்கி வைப்பார்கள். அந்தக் குட்டிக்கு வீங்கியிருந்தது தைராய்டு சுரப்பி. அதே சுரப்பி மனிதருக்கும் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது. எடை இருபது கிராம் சொச்சம். ஆட்டுக்குத் தாது உப்பு வாங்கும் பல வீடுகளில் அடுப்பங்கரைப் பானையில் இருப்பது அயோடின் சேர்க்காத கல்லுப்பு என்பது வேறு கதை. அதைப் பிறகு பார்க்கலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்து நிலக்கடலைப் பகுதி ஒன்றில் ஒரு பெண்மணி. வயது நாற்பத்தொன்று. இரண்டு ஏக்கர் மானாவாரி, கொஞ்சம் கிணற்றுப் பாசனம், நான்கு ஆடு, ஒரு கறவை மாடு. கடலை ஆய்வதில் அந்தத் தெருவிலேயே அவர் கைக்கு ஈடு கிடையாது என்று பெயர். அந்தக் கை இரண்டு வருடத்தில் மெல்ல மெல்ல மந்தமானது. மற்றவர்கள் மூன்று கூடை ஆய்ந்து முடிக்கும்போது இவர் ஒன்றரைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நிழலில் சாய்ந்தால் தூங்கிவிடுவார். முகம் உப்பியது, எடை ஆறு கிலோ ஏறியது, முடி கொட்டியது, குதிகால் பாளம் பாளமாக வெடித்தது. மாதவிலக்கு பத்து நாள் நின்றது. குரல் கரகரத்து ஆண்குரல் போல ஆனது. சித்திரை மாதத்தில் விடியற்காலை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பால் கறக்கப் போனவர் சொம்பை எங்கே வைத்தோம் என்று மறந்து நின்ற நாட்களும் உண்டு.

இதில் எதுவும் தனியாகப் பார்த்தால் நோய் மாதிரித் தெரியாது. அதுதான் இந்தக் கோளாறின் சங்கடம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காட்டுவதற்குப் புண் இல்லை. ஆள் பார்க்கப் பூசினாற்போல இருக்கிறார். "எங்க காலத்துல நாலு புள்ள பெத்துட்டு நாங்க கள எடுக்கலையா? சாப்பாடு மட்டும் இறங்குது, வேலைதான் இறங்கல" என்று மாமியார் சொன்னார். கணவர் வெளியே எதுவும் சொல்லவில்லை. ஆனால் கூலிக்கு ஒரு ஆள் கூடுதலாக வைக்க வேண்டி வந்தபோது முகம் சுருங்கியது. அந்தப் பெண்ணே தன்னைச் சோம்பேறி என்று நம்பத் தொடங்கியிருந்தார். உண்மையில் அவர் அப்போது சாப்பிட்டது முன்னைவிடக் குறைவு. இடையில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். பக்கத்து ஊர் மருந்துக்கடையில் சத்து ஊசி போட்டார்கள். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தசோகை இருந்தது உண்மைதான். அது ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் கிராம செவிலியர். வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்தவர், இவர் பேசுவதைக் கேட்டு நின்றுவிட்டார். "அக்கா, உங்க குரல் எப்பவுமே இப்படியா?" என்று கேட்டார். நாடி பிடித்துப் பார்த்தார், மெதுவாக ஓடியது. தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பி ரத்தம் எடுக்க வைத்தார். சீட்டில் டிஎஸ்எச் 68 என்று வந்தது. பக்கத்தில் அச்சடித்திருந்த சரியான அளவு நாலரைக்குள்.

இந்த எண்ணைப் படிப்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டிஎஸ்எச் அதிகம் என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேர் எதிர். தைராய்டு சுரப்பது டி4, டி3 என்ற இயக்குநீர்கள். டிஎஸ்எச் என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. கன்று கத்துவதை நினைத்துக்கொண்டால் போதும். மடியில் பால் இருந்தால் கன்று குடித்துவிட்டு அமைதியாகப் படுக்கும். பால் போதாதபோதுதான் கத்தும், போதாமை கூடக் கூடக் கத்தலும் கூடும். டிஎஸ்எச் 68 என்றால் அந்த உடம்பு இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் டிஎஸ்எச் அடங்கி, கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போய்விடும்.

ஐந்து, ஆறு என்று லேசாகக் கூடியிருந்தால் அலற வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், பலருக்குத் தானே இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்புப் பொருந்தாது.

அந்த அம்மாவுக்கு ஏன் வந்தது? இன்று பெரியவர்களுக்கு வரும் குறைசுரப்பில் பெரும்பகுதி, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியை அந்நியப் பொருள் என்று எண்ணி அழிப்பதால் வருவது. 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் தாய், மகள், சகோதரி என்று தொடர வாய்ப்பு உண்டு. அழிந்த சுரப்பி பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால்தான் மாத்திரை ஆயுள் முழுக்க.

"ஆயுசு முழுக்க மாத்திரையா?" என்ற அதிர்ச்சி எல்லா வீட்டிலும் எழுவதுதான். ஆனால் அந்த லெவோதைராக்சின் மாத்திரை, நோயை அடித்து விரட்டும் மருந்து வகை அல்ல. சுரப்பி கொடுக்க வேண்டிய அதே பொருள். இது கிடைக்காத காலமும் இருந்தது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டைச் சாறு எடுத்து ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அதற்கு முன் இந்த நோய் முற்றியவர்கள் வீங்கி, மயங்கி, இறந்துபோவார்கள். அந்தப் பெண் அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுக்கும் சேர்த்து அவருக்குத் தேவைப்பட்டது 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி. இன்று அந்த வேலையைக் கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு மாத்திரை செய்கிறது.

மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்தும் அந்த அம்மாவுக்கு எண் சரியாக இறங்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். அப்போதும் முப்பதுக்கு மேலேயே நின்றது. மறுபடி கூட்டுவதற்குள் செவிலியர் வீட்டுக்கே வந்து, மாத்திரையை எப்போது, எதோடு போடுகிறார் என்று கேட்டார். விடியற்காலை ஐந்து மணி, டீயோடு, இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து ஒரே மடக்கில். வைக்கும் இடம், அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பரண், அதற்கும் மேலே தகரக் கூரை.

குறை மருந்தில் இல்லை. தெளிக்கிற தண்ணீரின் தன்மை கெட்டிருந்தால் நல்ல மருந்தும் வேலை செய்யாது என்பது விவசாயிக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குடலிலேயே இந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏற விடாது. அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்றுப் புண்ணுக்குப் போடும் சில மாத்திரைகளும் இப்படித் தடுக்கும், ஆகவே அவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே டீ, காபி, கூழ் எதுவானாலும். அனலும் ஈரமும் வெயிலும் ஆகாது. அந்த அம்மா மாத்திரைப் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், விதைக் கடலை மூட்டை கிடக்கும் உள்அறைக்கு மாற்றினார். நாலு மணிக்கு எழுந்ததும் மாத்திரை, பிறகு மாட்டுக்கொட்டகை, கறந்து முடித்துத்தான் டீ. இரும்புச்சத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அடுத்த எட்டாவது வாரம் எடுத்ததில் எண் ஆறுக்கு வந்திருந்தது. அதற்கும் அடுத்த முறை மூன்று. ஒவ்வொரு முறை அளவு மாற்றியபின்னும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும், பத்து நாளில் எடுப்பது காசுக்குக் கேடு.

இங்கே ஒரு சின்ன விஷயம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அது ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வுக்கூட முறைகளில் எண்ணே தப்பாக வரும்.

எண் மூன்று என்று வந்த சீட்டைப் பார்த்து வீடே சந்தோஷப்பட்டது. "நார்மல்" என்று எழுதியிருந்தது. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அப்போது கடலை பிடுங்கும் நேரம் வேறு. மாத்திரை தீர்ந்தது, போய் வாங்க நாள் இல்லை. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரமும் தெரியவில்லை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு நாள் மறந்தால் குடி முழுகாது, நினைவு வந்ததும் அன்றே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே குணம்தான் நிறுத்தியவரை ஏமாற்றவும் செய்கிறது. மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறோமே என்று தோன்ற வைக்கும். கூடவே, சந்தையில் ஒருவர் மூன்று மண்டலத்தில் தைராய்டை வேரோடு எடுக்கும் பொடி என்று விற்றார். அதையும் வாங்கினார்கள். ஐந்தாவது மாதம் அந்த அம்மா வரப்பில் மயங்கி விழுந்தார். காலெல்லாம் வீக்கம், இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒன்பது நாள். அந்த வருடக் கடலைப் பணத்தில் பாதி, போக்குவரத்துக்கும் ஆள் துணைக்கும் போனது. கணவர் அதன்பின் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே தாமே போய் வாங்கி வருகிறார்.

சுரப்பு மிகையாகிற கோளாறு வேறு ரகம். அதே ஊரில் டிராக்டர் ஓட்டும் ஒருவர், நன்றாகச் சாப்பிட்டும் எட்டு கிலோ இறங்கினார். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, மார்கழியிலும் வியர்வை, கண் முன்னுக்குத் தள்ளியது. எல்லோரும் சர்க்கரை என்றார்கள், கள் என்றும் சிலர் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது தைராய்டு. அவருக்குக் கொடுப்பது சுரப்பை அடக்கும் கார்பிமசோல் மாத்திரை. அதைச் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்த வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும். அரிதாக வந்தாலும் உயிரைப் பறிக்கக்கூடிய பக்கவிளைவு அது. இதைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி உப்பு. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். ஆயுள் முழுக்கக் கணக்கிட்டால்கூட ஒரு தேக்கரண்டி வராது. அந்தத் துளி இல்லாமல்தான் இமயமலை அடிவாரத்தில் ஊர் ஊராகக் கழுத்துக் கழலையும் மந்த புத்திக் குழந்தைகளும் இருந்தன. 1956-ல் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. வேளாண் துறை செயல்விளக்கத் திடலில் மருந்திடாத பாத்தி ஒன்றை ஒப்பிட விட்டு வைப்பதைப் போலத்தான். ஆறு ஆண்டில் முதல் இரண்டு பகுதிகளிலும் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, வெறும் உப்புப் பகுதியில் குறையவில்லை. 1962-ல் தேசியத் திட்டமே வந்தது. சாப்பாட்டுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்க 2006-ல் நாடு முழுக்கத் தடை போட்டார்கள்.

இருந்தும் 2018-19ல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பு பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. நாட்டுச் சராசரி 76.3 சதவீதம், இங்கே 61.9. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற மாநிலத்தின் கதை இது. சைக்கிளிலும் மினி லாரியிலும் மூட்டையாக வரும் கல்லுப்பு மலிவு, ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அதுதான் சரி என்று வாங்கி, குழம்புக்கும் அதையே போடுகிறார்கள். இப்போது இந்துப்பு மோகம் வேறு. இந்துப்பில் தனியாகச் சேர்க்காவிட்டால் பயன்படும் அளவுக்கு அயோடின் கிடையாது. விலை மட்டும் பல மடங்கு. கல்லுப்பு வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே பொட்டலத்தில் கிடைக்கிறது. அதைக் கழுவாமல், மூடி போட்ட டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் சரி. இன்னொரு பக்கம், அந்த அம்மாவைப் போல எதிர்ப்பு சக்தியால் சுரப்பி அழிந்தவருக்கு அயோடினைக் கூட்டினால் குணமாகும் என்பதும் தப்பு. கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று தாமாக வாங்கிச் சாப்பிட்டால் நிலைமை மோசமாகலாம்.

முட்டைக்கோஸ், மரவள்ளி, கம்பு மூன்றையும் தைராய்டு உள்ளவர் தொடக் கூடாதா என்பது எப்போதும் கேட்கப்படும் கேள்வி. மூன்றிலும் சுரப்பிக்கு இடைஞ்சல் செய்யும் பொருள் உண்டு என்பது மெய். சூடானின் டார்ஃபூர் பகுதியில், வேளைக்கு வேளை கம்பையே தின்று அயோடினும் குறைவாகக் கிடைத்த கிராமங்களில் கழலை அதிகம் இருந்ததை ஆய்வுகள் காட்டின. சிறுதானியம் என்றாலே குறையே இல்லாதது என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். ஆனால் வாரத்தில் சில நாள் கம்பங்கூழ், வேக வைத்த முட்டைக்கோஸ் பொரியல், நன்றாக அவித்துத் தண்ணீர் வடித்த கிழங்கு, கூடவே அயோடின் உப்பு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பச்சைக் கோஸைச் சாறு பிழிந்து தினமும் குடிப்பதை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், நிலக்கடலை இலைப்புள்ளிக்கும் தக்காளி கருகலுக்கும் அடிக்கும் மான்கோசெப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அந்த மஞ்சள் தூளைப் பெண்கள் வெறுங்கையால் கரைத்துக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அது சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், தைராய்டு இயக்குநீர் உருவாவதைத் தடுக்கக்கூடியது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநில விவசாயக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2010-ல், இந்த வகைப் பூசணக்கொல்லியைக் கையாண்ட பெண்களிடம் தைராய்டுக் கோளாறு ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிந்ததாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் மான்கோசெப் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததற்கு, அது இயக்குநீர்களைக் குழப்புவதும் ஒரு காரணம். அந்த அம்மாவுக்கு இதனால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கையுறை, முகக்கவசம், கரைப்பதற்குத் தனி வாளி, குச்சி, அடித்த துணியைத் தனியே துவைப்பது இவ்வளவும் செய்ய ஆகும் செலவு பெரிதல்ல. கர்ப்பிணிகள் மருந்து அடிக்கிற வயலுக்கே போக வேண்டாம்.

போன ஆண்டு அந்த அம்மாவின் மகள், வயது இருபத்திரண்டு, ஆரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், உண்டாகியிருந்தார். செய்தி வந்த அன்றே அம்மா கேட்ட முதல் கேள்வி தைராய்டு பார்த்தாயா என்பதுதான். இரண்டாம் மாதத்தில் எடுத்தார்கள். டிஎஸ்எச் ஒன்பது. மகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மருத்துவர் உடனே மாத்திரை எழுதினார். சம்பந்தி வீட்டில், மாசமாக இருக்கும்போது மாத்திரை வேண்டாம், பிள்ளைக்கு ஆகாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள்.

வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு முதல் மூன்று மாதம் சொந்த தைராய்டு வேலை செய்யாது. மூளை வளர்வதற்கு வேண்டியது முழுக்கத் தாயின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். தாய்க்கு அப்போது கடுமையாகக் குறைந்தால் பிள்ளையின் புத்திக் கூர்மை பாதிக்கும், கரு கலையவும் வாய்ப்பு உண்டு. முன்பே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பத்தில் அளவைக் கூட்ட வேண்டி வரும். உண்டானது தெரிந்த வாரமே மருத்துவரைப் பார்ப்பது அதற்குத்தான்.

சம்பந்தி வீட்டுக்கு அந்த அம்மாவே பஸ் ஏறிப் போனார். மாமியார் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி அறியாதவர். "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. இது வெளி மருந்து இல்ல. உடம்புல ஊற வேண்டியது ஊறல, அத வெளியில இருந்து ஊத்துறோம். நான் நிறுத்திட்டு வரப்புல வுழுந்தவ. எனக்கு வந்தது எம் பேரப்புள்ளைக்கு வர வேணாம்" என்றார். மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீரும் மொண்டு, மகள் கையில் கொடுத்துவிட்டு விழுங்கும்வரை நின்றார். மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு முறை அளவு மாறியது.

பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சுரப்பியே இல்லாமலோ வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தைகள் உண்டு; முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும், விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி திரும்ப வராது. ஆகவே பிரசவம் எங்கே நடந்தாலும் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு மகளுக்கு மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஆறாவது வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். குழந்தைக்கு முதல் ஐந்து நோய்த் தடுப்பூசியும் அதே வாரம்தான். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு வரலாம் என்று சம்பந்தியம்மாவே புதன்கிழமையாகப் பார்த்து நாள் குறித்து வைத்திருக்கிறார்.